அட்டை தொடாத கால்

வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் அட்டை கடிக்காத மனிதன் கிடையாது. மழைக்காலம் பிறந்துவிட்டால் தோட்டத்தை நடத்தும் பெரிய தொரையிலிருந்து, தொழிலாளர் குடியிருக்கும் தொங்கல் லயத்துக் கைப்பிள்ளை வரை எல்லார் காலிலும் அது ஏறும். தொரை முழங்கால் வரை காலுறை மாட்டி அதற்குள் புகையிலைத் தூளைக் கொட்டிக்கொள்வார். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் சவர்க்காரத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டு மலையேறுவார்கள். என்னதான் செய்தாலும் பொழுது சாயும்போது வாசலில் குந்தி, காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உப்பை வைத்து ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். உதிர்த்த பிறகும் கடிவாயிலிருந்து ரத்தம் லேசில் நிற்காது. வேட்டி, சேலை, பாய் எல்லாவற்றிலும் அந்தக் கறை இருக்கும். அதற்கு வெட்கப்படுகிறவர்கள் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

திருகோணமலைக்குப் போய்த் திரும்பிய வாரத்தில், தேயிலை ஸ்டோர் படிக்கட்டில் உட்கார்ந்து அட்டை உதிர்த்துக்கொண்டிருந்த இராமையாவின் கண், பக்கத்தில் நின்ற கூட்டாளி அழகுமுத்துவின் காலில் போய் நின்றுவிட்டது. இருவரும் மேல்மலையிலிருந்து ஒரே குறுக்குப் பாதையில், இடுப்பளவு வளர்ந்த ஈர மானாப்புல்லுக்குள் நடந்து வந்திருந்தார்கள். இராமையாவின் கெண்டைக்கால் முழுக்க ரத்தக் கோடுகள். அழகுமுத்துவின் வெள்ளைக் காலுறையில் சேறு இருந்தது, புல்விதை ஒட்டியிருந்தது, ஒரு சிவப்புப் பொட்டு இல்லை. படிக்கட்டோரப் புல்நுனியில் ஓர் அட்டை எழுந்து நின்று ஆளைத் தேடி ஆடிக்கொண்டிருந்தது. அழகுமுத்துவின் கால் அதன் பக்கம் போனதும் அது சுருண்டு கீழே விழுந்தது.

“உனக்கு ஒண்ணுகூட ஏறலையாடா?” என்றான் இராமையா.

அழகுமுத்து தன் காலை, யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பது மாதிரி குனிந்து பார்த்தான். பிறகு வழக்கமான சிரிப்பைச் சிரித்தான்.

“என் ரத்தம் அதுகளுக்குப் புடிக்கல போல.”

சொல்லிக்கொண்டே அங்குமிங்கும் நடந்தான். படிக்கட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, போவதும் வருவதுமாக, பேசி முடிக்கும்வரை நிற்கவே இல்லை. இராமையா உப்புப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அந்தக் காலை மறுபடி பார்க்காமல் எழுந்து உள்ளே போனான்.

இந்த இருவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அழகுமுத்து மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு. உயரம், குரல், சிரிப்பு என்று ஆண்டவன் அள்ளிக் கொடுத்த ஆள். இராமையா கொழுந்தைத் தூளாக்கும் ஸ்டோரில் டீமேக்கருக்கு அடுத்த ஆள். கொழுந்து வாடியது போதுமா என்று முகர்ந்தே சொல்லிவிடுவான், ஆனால் நாலு பேர் கூடினால் வாய் திறக்கத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்து வாங்கில் உட்கார்ந்தவர்கள், தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓயா ஆற்றில் ஒன்றாக நீந்தப் பழகியவர்கள்.

இராமையாவின் மனைவி நாகலெட்சுமி, அழகுமுத்துவுக்கு அத்தை மகள். முறைப்பெண். கல்யாணத்தன்று முறைக்காரன் என்ற உரிமையில் அவன் பந்தல் வாசலில் கையை விரித்து வழி மறித்தான். வழக்கப்படி வேட்டியும் வெற்றிலையும் தட்டில் வைத்துக் கொடுத்த பிறகு, “போய்ட்டு வா புள்ள” என்று சிரித்துக்கொண்டே விலகினான். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து தோட்டத்தில் அவள் பெயரே அழகுமுத்து விட்டுக்கொடுத்த பொண்ணு என்றாகிவிட்டது. தன் வீட்டில், தன் அடுப்படியில், தன் பாயில் இருக்கும் ஒருத்தி இன்னொருவன் பெருந்தன்மையால் வந்தவள் என்று ஒரு ஊரே சொன்னால், கட்டினவனுக்கு எப்படி இருக்கும்? இராமையாவுக்கு நெஞ்சு எரிந்தது. வருஷக்கணக்காக எரிந்தது. அழகுமுத்துவை அவள் ‘முத்து மச்சான்’ என்று கூப்பிடுவாள், இவனை ‘என்னங்க’ என்பாள். அவன் வந்தால் சத்தம் போட்டுச் சிரிப்பாள், இவனிடம் அமைதியாகப் பேசுவாள். இதெல்லாம் ஒரு குற்றமா என்று அவனே தன்னைக் கேட்டுக்கொள்வான். ஆனாலும் எரிந்தது.

வெசாக் பண்டிகை விடுமுறைக்குத் திருகோணமலை போகலாம் என்று கூப்பிட்டவன் ஹலீம். ஹட்டனில் துணிக்கடை வைத்திருப்பவர் மகன், சொந்தமாக மொரிஸ் கார் வைத்திருப்பவன். அவனுடைய மாமா ஜமால்தீன், உலக யுத்தத்தில் குண்டு விழுந்து அமிழ்ந்த கப்பல்களிலிருந்து பித்தளையும் ஈயமும் எடுத்து விற்கிறவர். தண்ணீருக்கடியில் மூச்சு விடுவதற்கு முதுகில் மாட்டும் காற்றுச் சிலிண்டர் இரண்டு அவரிடம் இருந்தன. “சுறாவோட சேந்து நீந்தலாம்டா! வேற எங்க கிடைக்கும் இந்தக் கூத்து?” என்றான் ஹலீம். அழகுமுத்து அப்போதே துள்ளினான். இராமையா தயங்கியபோது நாகலெட்சுமிதான், “முத்து மச்சான் போறாருல்ல, நீங்களும் போய்ட்டு வாங்க” என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் தன் பெயர் இரண்டாவதாக வந்ததை இராமையா கண்டிவரைக்கும் நினைத்துக்கொண்டே போனான்.

வழிச்சாப்பாட்டுக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தாள். தம்புள்ளைக்குப் பக்கத்தில் மரநிழலில் உட்கார்ந்து பிரித்தபோது அழகுமுத்துவின் பொட்டலத்தில் அவித்த முட்டை இருந்தது. இராமையாவின் பொட்டலத்தில் இல்லை. முட்டை தின்றால் அவனுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும், அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தெரிந்தும் அந்த வெள்ளை முட்டையிலிருந்து அவனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

கடலில் இறங்குவதற்கு முன்னால் ஜமால்தீன் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

“சுறா சும்மா சுத்தும், பயப்படாதீங்க தம்பி. அதுக்கு முதுகக் காட்டாம இருந்தாப் போதும். நேருக்கு நேர் திரும்புனா ஒதுங்கிப் போயிரும். ஆனா முதுகுல கண்ணு இல்லையே! அதான் ரெண்டு ரெண்டு பேரா இறங்கணும். இவன் முதுக அவன் பாக்கணும், அவன் முதுக இவன் பாக்கணும். பின்னால வந்துச்சுன்னா கத்திப் பிடியால சிலிண்டர்ல தட்டுங்க. தண்ணிக்குள்ள அந்தச் சத்தம் நல்லாக் கேக்கும்.”

ஹலீமுக்குச் சளி பிடித்திருந்ததால் அவன் மாமாவோடு படகிலேயே இருந்தான். இராமையாவும் அழகுமுத்துவும் ஆளுக்கொரு கத்தியோடு இறங்கினார்கள். இறங்க இறங்கச் சத்தமெல்லாம் அடங்கிப்போய், தன் மூச்சு மட்டும் காதுக்குள் பெரிதாகக் கேட்டது. இழுக்கும்போது ஒரு சீறல், விடும்போது கொப்புளங்கள் கடகடவென்று மேலே போகும் சத்தம். கீழே சாய்ந்து கிடந்த கப்பல் வயிற்றைத் திறந்து வைத்திருந்தது. அதன் விலா இரும்புகளில் பாசி தொங்கியது. வெளிச்சம் பச்சையாகி, பிறகு சாம்பல் நிறமாகி, கப்பலின் வயிற்றுக்குள் கறுப்பாக நின்றது. சுறாக்கள் நாலைந்து, அவசரமே இல்லாமல், கண்ணிமைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தன. அழகுமுத்து ஒன்றின் பக்கமாகவே நீந்திப் போய்க் கையை ஆட்டினான். எதற்கும் பயப்படாத அந்தக் கை. ஊருக்குப் போய் இதையும் அடுப்படி வாசலில் உட்கார்ந்து சொல்லப்போகிறான், அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி வாய் பிளந்து கேட்கப்போகிறாள் என்று இராமையாவுக்குத் தோன்றியது.

அப்போதுதான் கப்பலின் கறுப்பிலிருந்து அந்தப் பெரியது வந்தது. மற்றவை போலச் சுற்றவில்லை. நேராக, அழகுமுத்துவின் முதுகை நோக்கி.

கத்தி இராமையாவின் கையில் இருந்தது. பிடி சிலிண்டருக்கு அருகில் இருந்தது. தட்டவேண்டியதுதான் பாக்கி. ஒரே ஒரு மூச்சு பொறுப்போம் என்று நினைத்தான். சாகட்டும் என்று அல்ல, சத்தியமாக அல்ல. ஒருமுறையாவது இவன் முகத்தில் பயத்தைப் பார்க்கவேண்டும், அதை வீட்டில் போய்ச் சொல்லவேண்டும், அவள் அவனோடு சேர்ந்து அல்ல, அவனைக் கேலி செய்து சிரிக்கவேண்டும். ஒரு மூச்சு. அவ்வளவுதான்.

மூச்சை விட்டபோது அழகுமுத்து இடுப்புக்கு மேல் மட்டும்தான் தெரிந்தான். பிறகு அதுவும் ஒரு குலுக்கலில் கறுப்புக்குள் போனது. ஆழத்தில் ரத்தம் சிவப்பாக இருப்பதில்லை. பச்சையாக, புகைபோல, கொழுந்துச் சாறு தண்ணீரில் கலப்பது மாதிரி அது விரிந்து வந்து இராமையாவின் முகக்கண்ணாடியைத் தொட்டது.

எப்படி மேலே வந்தான் என்று தெரியாது. படகின் விளிம்பைப் பிடித்து வாயிலிருந்த ரப்பரைத் துப்பிவிட்டுக் கத்துவதற்காக முகத்தை உயர்த்தினான். படகில் அழகுமுத்து உட்கார்ந்திருந்தான். கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, சிரித்துக்கொண்டு.

“எங்கடா போன? உன்னத் தேடிட்டு நான் மேல வந்துட்டேன்.”

உடம்பில் ஒரு கீறல் இல்லை. சிலிண்டர் மட்டும் இல்லை. பட்டி அறுந்து விழுந்துவிட்டது என்றான். “இன்னொரு செட்டுக்கு நான் எந்தக் கப்பலப் பாத்துக்கிட்டு நிக்கிறது?” என்று ஜமால்தீன் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஹலீம் தும்மிக்கொண்டே பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். அழகுமுத்து அதை வாங்கிக் கையில் வைத்திருந்தான், குடிக்கவில்லை. இராமையா தன் சிலிண்டரைக் கழற்றி வைத்தான். தான் கண்டது பொய் என்றே வைத்துக்கொண்டான். பொய்யாக இருந்துவிட்டால் அந்த ஒரு மூச்சும் இல்லையென்று ஆகிவிடும் அல்லவா!

ஆனால் வட்டவளையில் மழை இறங்கியதும், அட்டை அழகுமுத்துவைத் தொடவில்லை.

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. லயத்து நாய்கள் கண்டாக்கு ஐயாவைக் கண்டால் குரைத்து வாலாட்டும். இப்போது குரைக்காமல் கோழிக்கூட்டுக்கு அடியில் போய் ஒடுங்கின. மலையில் மூடுபனி இறங்கி எதிரே நிற்கும் ஆள் தெரியாத வேளையிலும் அவன் கால் ஒரு கல்லிலும் இடறவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே இடுப்புக்கு மேல் மட்டும் தெரிய அவன் போகும்போது, நடப்பவனுக்கு இருக்கவேண்டிய ஏற்ற இறக்கம் தோளில் இல்லை. வெட்டிச் சமன் செய்த அந்தப் பச்சைப் பரப்பின்மேல் அவன் வழுக்கிப் போனான். கண்ணை மூடுவதே இல்லை. பேசும்போதும், மழைத்துளி முகத்தில் நேராக அடித்தபோதும்.

மாலையில் இராமையா வீட்டுக்கு வருவதை மட்டும் அவன் நிறுத்தவில்லை. முன்பு உள்ளே வந்து பலகையில் உட்காருவான். இப்போது உட்காருவதே இல்லை. வீட்டைச் சுற்றி நடந்துகொண்டே பேசினான். நாகலெட்சுமி அடுப்படியிலிருந்து பதில் சொல்வாள். அவன் குரல் முன் ஜன்னலில் கேட்கும், பிறகு பக்கச் சுவரில் மங்கும், பிறகு பின்கதவில் தெளிவாகும், மறுபடி முன் ஜன்னல். ஈர மண்ணில் சதக், சதக் என்று காலடி. ஈர விறகின் புகையையும் மீறி, மலையில் இருக்கக்கூடாத ஒரு வாடை, பாசியும் துருப்பிடித்த இரும்பும் கலந்த உப்பு வாடை, காலடியோடு சேர்ந்து வீட்டைச் சுற்றியது.

“ஒரு எடத்துல நில்லுங்க மச்சான், எனக்குத் தலை சுத்துது” என்று அவள் சிரித்தாள்.

“நின்னா மூச்சு முட்டுது புள்ள” என்றது பின்கதவுப் பக்கமிருந்து அந்தக் குரல்.

இராமையா நடுவீட்டில் உட்கார்ந்து காலடியைக் கேட்டுக்கொண்டிருந்தான். பயத்தில் வியர்த்தது. அந்தப் பயத்துக்கு நடுவிலும், இவள் இவ்வளவு சிரிக்கிறாளே என்ற எரிச்சல் தனியாக ஒரு மூலையில் எரிந்துகொண்டுதான் இருந்தது. அவனுக்கே அவன்மேல் அருவருப்பாக இருந்தது. ஒவ்வொரு நாளும் அந்தச் சுற்று சுவருக்குக் கொஞ்சம் நெருங்கிவந்தது. முதலில் வேலியோரம். பிறகு கீரைப் பாத்தி. பிறகு கூரைத் தண்ணீர் விழும் கோடு.

மூக்கன் சம்பவம் அதற்குப் பிறகுதான் நடந்தது. அன்று பகலில் கொழுந்து நிறுக்கும் கொட்டிலில் அழகுமுத்துவும் இராமையாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு நடுவே அழகுமுத்துவின் வாய் அப்படியே நின்றது. முகம் மெதுவாகத் திரும்பியது, மூக்கு விரிந்தது. அவன் பார்த்த திசையில் பனியைத் தவிர ஒன்றுமில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் கொட்டிலை விட்டு இறங்கி, பாதையில் போகாமல் செடிகளுக்குள்ளே நேராகப் புகுந்து போனான். செடிகளின் தலையைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளி மூக்கன், கத்தி வழுக்கிக் கையை அறுத்துக்கொண்டு, கட்டுப் போட டிஸ்பென்சரிக்குத் தனியாக வந்துகொண்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு மலைக்கு அப்பால். அவன் டிஸ்பென்சரிக்கு வந்து சேரவில்லை. மறுநாள் ஓடையில் அவனுடைய கம்பளியும் கத்தியும் கிடந்தன. வேறு கொஞ்சமும் கிடந்தது. புலி அடித்துவிட்டது என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். பெரிய தொரை துப்பாக்கியைத் துடைத்து வைத்தார்.

இராமையாவுக்குத் தெரியும். அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். நாகலெட்சுமியிடம் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? முத்து மச்சான் செத்துப்போனான் என்று அவள் அழுவாள். தலையில் அடித்துக்கொண்டு, தரையில் புரண்டு அழுவாள். அந்த அழுகையைத் தன்னால் உட்கார்ந்து பார்க்க முடியாது என்று அவனுக்குத் தோன்றியது. இப்படியும் ஒரு மனம் இருக்குமா என்று கேட்காதீர்கள், இருந்தது. நாளை சொல்வோம், நாளை சொல்வோம் என்று தள்ளிப்போட்டான். வெளியே சுற்று நெருங்கிக்கொண்டே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் அரிவாள்மனையில் பலாக்கொட்டை நறுக்கும்போது விரலை அறுத்துக்கொண்டாள். ஆழமாக. “ஸ்ஸ்” என்று அவள் விரலை வாயில் வைத்தபோது, இராமையா தாவிப்போய் ஜன்னல் வழியாகப் பார்த்தான். எதிர்மலையில், மிகத் தூரத்தில், செடிகளுக்கு மேல் ஓர் உருவம் நின்ற இடத்திலேயே முகத்தை இந்தப் பக்கம் திருப்பியது.

அவன் ஜன்னலைச் சாத்தினான். கதவைத் தாழிட்டான். துணியைக் கிழித்து அவள் விரலில் சுற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கப்பல், கறுப்பு, பச்சை ரத்தம், படகு, அட்டை, மூக்கன். அவள் விரலைக் கொடுத்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப தெனமும் இங்க வந்து பேசுறது யாரு?”

“அதான் எனக்கும் தெரியல.”

“சரி. சுறா வர்றதப் பாத்தீங்க. கத்தி கையில இருந்துச்சு. ஏன் தட்டல?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்குப் புரிந்துவிட்டது. கையை உருவிக்கொண்டாள்.

“ஊரு சொல்றத நீங்களுமா நம்புறீங்க? மச்சான் ஒண்ணும் விட்டுக்கொடுக்கல. நான்தான் மச்சானோட அப்பா, எங்க மாமங்கிட்டப் போயி, ஸ்டோர்ல வேலை பாக்குறவரத்தான் கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நின்னேன். மச்சானுக்கு அவமானமாப் போயிரக் கூடாதேன்னு அவரே விட்டுக்கொடுத்ததாப் பேச விட்டோம். இத ஒங்ககிட்ட வெளக்கிச் சொல்லணுமா? தெரியும்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்.” அவள் குரல் உடைந்தது. “பொறாமைல மனுசன் என்னென்னவோ பாப்பான். நீங்க எதையும் பாக்கலங்க. அவரு நல்லா இருக்காரு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழுவாத பாத்திரங்களை வாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, பின்கதவைத் திறந்து பீலிக்குப் போய்விட்டாள். மழையில் குழாய் அடைத்துக்கொண்டதால் சில நாட்களாக எல்லாத் தண்ணீருக்கும் பள்ளத்தில் மலைத்தண்ணீர் கொட்டும் பீலிதான். இராமையா அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவனைத்தான் கேட்டிருக்கிறாள். ஒற்றைக் காலில் நின்று கேட்டிருக்கிறாள். இத்தனை வருஷம் அவன் சொந்தச் சோற்றை அடுத்தவன் வீட்டுச் சோறு என்று நினைத்துத் தின்றிருக்கிறான். அந்தச் சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் எல்லாமே மறந்துபோனது.

பிறகு துணி கட்டிய விரல் ஞாபகம் வந்தது.

அவன் ஓடினான். பாதை சுற்றுவழி, செடிக்குள் புகுந்து மேட்டிலிருந்து இறங்கினான். மூடுபனி பள்ளத்தை நிரப்பிக் கிடந்தது. ஒரு காற்று அதை விலக்கியபோது கீழே அவளைக் கண்டான். பீலித் தண்ணீர் வாளியில் விழும் சத்தம். கல்லில் பாத்திரம் உரசும் சத்தம். இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். விரல் துணியை அவிழ்த்துத் தண்ணீரில் பிடித்திருந்தாள்.

அவளுக்குப் பின்னால் தேயிலைச் செடிகளின் மேற்பரப்பு அசைந்தது.

காற்று அடங்கியிருந்தது. மற்றச் செடிகள் ஆடவில்லை. ஒரு கோடு மட்டும். ஒரு செடி, அடுத்த செடி, அதற்கடுத்த செடி. ஆள் தெரியவில்லை. தலை தெரியவில்லை. பச்சைப் பரப்புக்கு அடியில் ஏதோ ஒன்று, அவளைச் சுற்றி, வளைந்து, வளைந்து. சுற்று சிறுத்தது. பிறகு வளைவு நிமிர்ந்தது. நேர்க்கோடு.

கத்த வேண்டும்.

வாயைத் திறந்தான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

சலசலப்பு அவளுக்கும் கேட்டுவிட்டது. திரும்பினாள். அழுது சிவந்திருந்த முகம் அப்படியே மலர்ந்தது. அவனிடம் ஒருநாளும் காட்டாத மலர்ச்சி.

“யாரு? முத்து மச்சானா?”

இழுத்த மூச்சு இராமையாவின் தொண்டையில் நின்றது.

ஒரு மூச்சுதான்.

பனி மூடியது. கல்லில் ஒரு பாத்திரம் உருண்டது. உருண்டு நின்றது. அவன் அப்போதுதான் கத்தினான். அந்தக் கத்தலுக்கு எதிர்மலையிலிருந்து எதிரொலி வந்தது, வேறு பதில் வரவில்லை.

பீலியில் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. வழிந்த தண்ணீர் கால்வாயில் போய்க்கொண்டிருந்தது. அதன் நிறத்தைப் பார்க்கத் துணியாமல் அவன் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே செடிகளுக்குள் தேடினான். கிளைகள் முகத்தைக் கிழித்தன. மேலே, கீழே, ஓடைவரை, மறுபடி மேலே. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது, ஆட்களைக் கூப்பிடலாம் என்று வீட்டுப் பக்கம் ஏறினான்.

கூரையில் புகை எழுந்துகொண்டிருந்தது.

பின்கதவு திறந்திருந்தது. நாகலெட்சுமி அடுப்படியில் இருந்தாள். கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“எங்க போனீங்க? வாங்க, உக்காருங்க.”

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தான். அடுப்பில் சோறு கருகி நாறியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். போவதும் வருவதும். போவதும் வருவதும். அவன் அவள் விரலைப் பார்த்தான். துணி இல்லை. காயம் இல்லை. தழும்பு இல்லை.

வெளியே சதக், சதக். முன் ஜன்னல். பக்கச் சுவர். சுவரை உரசிக்கொண்டு.

அவனுக்குக் காலில் ஏதோ சூடாக இருந்தது. குனிந்து பார்த்தான். செடிக்குள் ஓடியதில் முழங்காலுக்குக் கீழே அட்டைகள் கொத்துக் கொத்தாக ஏறியிருந்தன. அவை தின்று முடித்து ஒவ்வொன்றாகத் தாமே கழன்று விழுந்து, அவளிடமிருந்து விலகி, சுவர்ப் பக்கம் அவசரமாக ஊர்ந்தன. கடிவாய்களிலிருந்து ரத்தம் கெண்டைக்காலில் இறங்கி, குதிகாலில் திரண்டு, மெழுகிய தரையில் சொட்டியது.

அவள் நடை நின்றது.

வெளியே காலடியும் நின்றது.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். சிரித்தாள். பீலியில் கண்ட அதே மலர்ச்சி, இப்போது அவனுக்காகவே, முழுசாக. அது விரிந்துகொண்டே போனது. பல்வரிசைக்குப் பின்னால் இன்னொரு பல்வரிசை தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

முன்கதவு திறந்தது. உப்பு வாடை முதலில் வந்தது. அழகுமுத்து உள்ளே வந்து, கதவைத் தனக்குப் பின்னால் மெதுவாகச் சாத்தினான்.

இராமையாவின் காலைப் பார்ப்பதற்கு முன்னால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்த நேரத்திலும் அவனுக்கு அதுதான் வலித்தது. பிறகு இருவரும், இமைக்காமல், அவன் காலடியில் ஆளுக்கொரு பக்கமாகக் குந்தினார்கள்.